இண்டெக்ஸ்.லாக்: அழித்தால் கமிட் போகிறது, ஆனால் திரும்பத் திரும்ப வருகிறது

நெசவு எழுதியது:

வணக்கம். ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்கிறோம், சின்ன டீம். எல்லாரிடமும் விண்டோஸ் லேப்டாப். சோர்ஸ் முழுக்க, மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் மென்பொருளில்தான் இருக்கிறது.

கொஞ்ச நாளாக, செய்த மாற்றங்களைப் பதிவு செய்ய கமிட் போடப் போனால் அடிக்கடி நின்றுவிடுகிறது. கிட் தன் விவரங்களை வைக்கும் டாட்-கிட் ஃபோல்டருக்குள் இண்டெக்ஸ்.லாக் என்ற கோப்பை உருவாக்க முடியவில்லை, அது ஏற்கெனவே இருக்கிறது, இந்த ரெப்போவில் (கிட் கவனிக்கும் ப்ராஜெக்ட் ஃபோல்டர்) வேறொரு கிட் புராசஸ் ஓடுகிறது போலிருக்கிறது என்று சொல்கிறது. எனக்குத் தெரிந்து ஒரு டெர்மினலும் ஒரு எடிட்டரும்தான் திறந்திருக்கும். அந்தக் கோப்பை அழித்தால் கமிட் போய்விடுகிறது. கமிட்களை வேறொரு கமிட்டின் மேல் ஒவ்வொன்றாகத் திரும்பப் போடும் ரீபேஸ் செய்யும்போதுதான் தொல்லை அதிகம், நடுவில் ஏதாவது ஒரு கமிட்டில் நின்றுகொள்கிறது. சில நாள் காலையில் லேப்டாப்பைத் திறந்ததும் முதல் கட்டளைக்கே வருகிறது. சில நாள் அழித்த அடுத்த நிமிடமே திரும்ப வந்து நிற்கிறது.

இதோடு இன்னொன்று. சர்வரிலிருந்து மாற்றங்களை இறக்கும் புல் முடியும் நேரத்தில் ஆப்ஜெக்ட்ஸ் ஃபோல்டருக்குள் பேக் என்று தொடங்கும் நீளமான பெயருள்ள கோப்பை அழிக்க முடியவில்லை, மறுபடி முயலவா என்று ஒய் (Y), என் (N) கேட்கிறது. ஒய் அடித்தால் அதையே திரும்பக் கேட்கிறது.

டீமில் ஒருவர் இதற்காக கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு விண்டோஸ் பேட்ச் ஃபைல் (.bat) எழுதி எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார். அது முதலில் இண்டெக்ஸ்.லாக்கை அழிக்கும், அப்புறம் கமிட் போடும். எல்லாரும் அதைத்தான் ஓட்டுகிறார்கள். எனக்கு இது உறுத்துகிறது. இப்படி அழிப்பதால் கெடுதல் உண்டா? அந்தக் கோப்பை யார் வைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

கரிசல் எழுதியது:

அழித்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். கிட் தரும் பிழைச் செய்தியின் கடைசி வரியே கையால் அழிக்கச் சொல்கிறது. நான் அப்படித்தான் செய்கிறேன், இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

பனைமரம் எழுதியது:

கரிசல், அந்தக் கடைசி வரிக்கு முன்னால் இருப்பதையும் படிக்க வேண்டும். எல்லா கிட் புராசஸும் முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள், பார்த்த பிறகும் பிழை வந்தால் முன்பு ஏதோ ஒன்று கிராஷ் ஆகியிருக்கலாம், அப்போது அழியுங்கள் என்கிறது. அந்தப் பேட்ச் ஃபைல் பார்க்கிற வேலையை விட்டுவிட்டு அழிக்கிற வேலையை மட்டும் செய்கிறது. நெசவு, அதை இன்றைக்கே எல்லாரிடமும் நிறுத்தச் சொல்லுங்கள். பில்டு, ரிலீஸ் வேலையில் இருப்பவள் நான். இப்படி ஒரு தானியங்கி அழிப்பு ஓடுகிற டீமில் ஒருவருடைய இண்டெக்ஸ் கெட்டுப்போய், அவர் மத்தியானம் முழுக்கத் தேர்ந்து தேர்ந்து ஸ்டேஜ் செய்து வைத்தது போனதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அடுத்த கமிட்டுக்கென்று ஆட் செய்தவை, அதாவது ஸ்டேஜ் செய்தவை, எல்லாம் பதிவாகியிருப்பது டாட்-கிட்டுக்குள் இருக்கும் இண்டெக்ஸ் என்ற ஒரே பைனரி கோப்பில். அதில் ஓர் இடத்தை மட்டும் மாற்றுவது கிட்டின் வழக்கம் இல்லை. இண்டெக்ஸ்.லாக் என்று புதுக் கோப்பு ஒன்றைத் திறந்து, புது இண்டெக்ஸ் முழுவதையும் அதில் எழுதி, கடைசியில் அதன் பெயரை இண்டெக்ஸ் என்று மாற்றிவிடுகிறது. திறக்கும்போதே இயங்குதளத்திடம் ஒரு நிபந்தனை வைக்கிறது: இந்தப் பெயரில் கோப்பு இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கு, இருந்தால் மறுத்துவிடு. அந்த மறுப்பைத்தான் நீங்கள் பிழையாகப் பார்க்கிறீர்கள். ஆக, அந்த லாக் கோப்பு வெறும் அடையாளம் கிடையாது. அடுத்து வரப்போகும் இண்டெக்ஸே அதுதான்.

இப்போது அ என்ற கிட் புராசஸ் லாக்கை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் கோப்பை அழிக்கிறீர்கள். ஆ என்ற இன்னொரு கிட் வந்து, பெயர் காலியாக இருப்பதைப் பார்த்து, தன் இண்டெக்ஸ்.லாக்கைத் திறந்து எழுதத் தொடங்குகிறது. அதற்குள் அ தன் வேலை முடிந்ததென்று பெயர் மாற்றுகிறது. ஆனால் அந்தப் பெயரில் இப்போது இருப்பது ஆ பாதி எழுதிய கோப்பு. பாதி இண்டெக்ஸ் முழு இண்டெக்ஸின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். அடுத்த கட்டளைக்கு இண்டெக்ஸ் கெட்டுவிட்டது என்று பதில் வரும். எப்போதும் இப்படி ஆகாது. கரிசலுக்கு இதுவரை ஆகாததும் அதனால்தான்.

திறந்திருக்கும் கோப்பை விண்டோஸ் சுலபத்தில் அழிக்க விடாது, அதனால் அழிக்க விட்டால் யாரும் வைத்திருக்கவில்லை என்று பொருள் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். மாறிய கோப்புகளையெல்லாம் சேர்த்துக்கொள்ளும் மைனஸ்-ஏ போட்டு கமிட் செய்தால், கிட் இண்டெக்ஸ்.லாக்கை எழுதி மூடிவிட்டு, பெயரை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டு, கமிட் செய்தி எழுத எடிட்டரைத் திறக்கும். நீங்கள் செய்தி எழுதி முடிக்கும்வரை லாக் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் கோப்பை யாரும் திறந்து வைத்திருக்கவில்லை. விண்டோஸ் தாராளமாக அழிக்க விடும். வேறு ஜன்னலுக்குப் பின்னால் மறந்துபோய்க் கிடக்கும் அந்த எடிட்டர் ஜன்னல்தான் பல நேரம் காரணம். முதலில் அதைத் தேடுங்கள்.

கிட்டே ஏன் இதைக் கண்டுபிடித்துச் சொல்லக் கூடாது என்று கேட்கலாம். இண்டெக்ஸ்.லாக்கில் வைத்தவரின் புராசஸ் எண் கிடையாது. கிட்டின் துப்புரவு வேலையான ஜிசி ஓடும்போது ஜிசி.பிட் என்று ஒரு கோப்பு வரும், அதில் புராசஸ் எண்ணும் கணினியின் பெயரும் இருக்கும், அதனால் அங்கே சரிபார்க்க முடிகிறது. இங்கே வைத்தவர் இருக்கிறாரா செத்துவிட்டாரா என்று கிட்டுக்குத் தெரிய வழியில்லை. அதனால்தான் நம்மைப் பார்க்கச் சொல்கிறது.

சரி, பார்ப்பது எப்படி? பிழை வந்த உடனே எதையும் அழிக்காமல் இண்டெக்ஸ்.லாக்கின் நேரத்தைப் பாருங்கள். நேற்று சாயங்காலத்து நேரம் காட்டினால் அது பெரும்பாலும் அனாதை. கண்ட்ரோல்-சி அடித்தால் கிட் வெளியேறும்போது தன் லாக்கைத் தானே எடுத்துவிடும். டாஸ்க் மேனேஜரில் எண்டு டாஸ்க் கொடுத்தாலோ, கரண்ட் போய் கணினி அணைந்தாலோ அதற்கு நேரம் கிடைக்காது, கோப்பு அப்படியே நின்றுவிடும். டாஸ்க் மேனேஜரின் டீடெய்ல்ஸ் பக்கத்தில் கிட்.எக்ஸ்இ ஒன்றும் இல்லை, கமிட் செய்தி ஜன்னல் எதுவும் திறந்திருக்கவில்லை, லாக்கின் நேரமும் பழையது என்றால் தைரியமாக அழியுங்கள். நேரம் இந்த நிமிடத்தைக் காட்டினால் யாரோ உயிரோடு இருக்கிறார்கள், கை வைக்காதீர்கள்.

அந்த உயிரோடு இருப்பவரைப் பிடிக்க மைக்ரோசாஃப்டின் சிஸ்இண்டர்னல்ஸ் தொகுப்பில் இருக்கும் புராசஸ் மானிட்டரை இறக்கிக்கொள்ளுங்கள். ஃபில்டரில் பாத், எண்ட்ஸ் வித், இண்டெக்ஸ்.லாக் என்று கொடுத்து ஓடவிடுங்கள். அப்புறம் வழக்கம்போல் வேலை செய்யுங்கள். பிழை வந்ததும் நிறுத்திப் பார்த்தால், உங்கள் கமிட்டின் வரியில் கிரியேட்ஃபைல், அதன் முடிவுப் பத்தியில் நேம் கொலிஷன் என்று இருக்கும். அதற்குச் சற்று மேலே வேறொரு புராசஸ் எண்ணில் அதே கிரியேட்ஃபைல் சக்சஸ் என்று இருக்கும். அதுதான் ஆள். அதுவும் கிட்.எக்ஸ்இ என்றே காட்டும், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். கண்ட்ரோல்-டி (Ctrl+T) அடித்தால் புராசஸ் மரம் வரும். அந்தக் கிட்டைப் பெற்றது யார் என்று அதில் தெரியும்.

என் ஊகம், உங்கள் எடிட்டரோ வேறு ஏதோ ஒரு கருவியோ பின்னணியில், எந்தக் கோப்பு மாறியது என்று காட்டும் கிட் ஸ்டேட்டஸ் கட்டளையை ஓட்டுகிறது. ஸ்டேட்டஸ் படிக்க மட்டும் செய்யும் என்று நினைக்கிறோம். அது படித்து முடித்ததும், எந்தக் கோப்பு மாறவில்லை என்ற விவரத்தை இண்டெக்ஸில் புதுப்பித்து வைக்கவும் பார்க்கும், அதற்கு லாக் எடுக்கும். லாக் கிடைக்காவிட்டால் ஸ்டேட்டஸ் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஆனால் ஸ்டேட்டஸ் லாக்கை வைத்திருக்கும் அந்த நொடியில் உங்கள் கமிட் வந்தால், கமிட் காத்திருக்காது, உடனே பிழை சொல்லி நின்றுவிடும். ரீபேஸில் அதிகம் வருவதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். ஒவ்வொரு கமிட்டுக்கும் கோப்புகள் மாறுகின்றன, மாறுவதைப் பார்த்ததும் எடிட்டர் ஸ்டேட்டஸ் ஓட்டுகிறது, இரண்டும் முட்டிக்கொள்கின்றன.

இதற்காகவே 2017-இல் வந்த கிட் 2.15-இல் --நோ-ஆப்ஷனல்-லாக்ஸ் என்று ஒரு தேர்வு சேர்த்தார்கள். அதைக் கொடுத்து ஸ்டேட்டஸ் ஓட்டினால் லாக் எடுக்காமல் படித்துவிட்டுப் போய்விடும். கிட்_ஆப்ஷனல்_லாக்ஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளுக்கு பூஜ்யம் கொடுத்தாலும் அதே பலன். பின்னணியில் கிட்டை அழைக்கும் எந்தக் கருவியும் இதைப் போட்டுத்தான் அழைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. போடாத கருவி இன்னும் நிறைய இருக்கிறது.

பேக் கோப்புக் கேள்விக்கு என் (N) என்று பதில் கொடுங்கள், ஒன்றும் ஆகாது. கிட் சேமிக்கும் தரவுத் துண்டுகளான உதிரி ஆப்ஜெக்ட்கள் சுமார் 6700-ஐத் தாண்டினால், அல்லது அவற்றைச் சேர்த்துக் கட்டி வைக்கும் பேக்குகள் 50-ஐத் தாண்டினால், கிட் தானாக ஜிசி ஓட்டிப் புது பேக்கில் எல்லாவற்றையும் சேர்த்து எழுதும். பிறகு பழைய பேக்கை அழிக்கப் பார்க்கும். அந்தப் பழையதை வேறு யாரோ திறந்து வைத்திருப்பதால் விண்டோஸ் விடமாட்டேன் என்கிறது. பழையது மிச்சம் இருந்தால் கொஞ்சம் இடம் வீண், அவ்வளவுதான், அடுத்த ஜிசியில் போய்விடும். திறந்து வைத்திருப்பவரை ரிசோர்ஸ் மானிட்டரில் பிடிக்கலாம். சிபியூ பக்கத்தில் அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் என்ற தேடல் பெட்டியில் பேக் கோப்பின் பெயரில் நாலைந்து எழுத்து அடியுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். உங்கள் ரெப்போ எந்த ஃபோல்டரில் இருக்கிறது?

மலைக்கோட்டை எழுதியது:

நாங்கள் இன்னும் கிட் மாதிரியே வேறொரு கருவியான சப்வெர்ஷன் (எஸ்விஎன்)தான். எந்திர வரைபடங்கள், எல்லாம் பைனரி. அங்கே வொர்க்கிங் காப்பி லாக்டு என்று இ155004 வந்தால் எஸ்விஎன் கிளீனப் கொடுத்தால் முடிந்தது, இவ்வளவு ஆராய்ச்சி தேவைப்படுவதில்லை. கிட்டில் ஏன் அப்படி ஒரு கட்டளை இல்லை?

பனைமரம் எழுதியது:

மலைக்கோட்டை, சப்வெர்ஷனால் அது முடிகிறது. 2011-இல் வந்த 1.7-இலிருந்து டாட்-எஸ்விஎன்னுக்குள் டபிள்யூசி.டிபி என்று ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளம் இருக்கிறது. செய்ய வேண்டிய வேலைகளை முதலில் அதில் வரிசையாக எழுதிவிட்டுத்தான் செய்யும். பாதியில் நின்றால், கிளீனப் அந்த வரிசையில் மிச்சம் இருப்பதை முடித்துவிட்டு லாக்கை எடுக்கும். கிட்டின் லாக்குக்குப் பின்னால் அப்படி ஒரு வரிசை இல்லை, முடிக்க வேண்டியது என்று எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. ஆனால் அங்கேயும் இன்னொரு ஜன்னலில் அப்டேட் ஓடும்போது கிளீனப் கொடுக்காதீர்கள், அது லாக்கை உடைத்துவிடும். இன்னொன்று: வரைபடத்தை வேறு யாரும் திருத்தக் கூடாது என்று எஸ்விஎன் லாக் போட்டு வைப்பீர்களே, அது சர்வரில் இருப்பது. கிளீனப் அதைத் தொடாது. அதை எடுக்க அன்லாக்தான் கொடுக்க வேண்டும்.

நெசவு எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே பார்த்தேன். மிகவும் நன்றி.

பேட்ச் ஃபைல் பயன்படுத்தாமல் புராசஸ் மானிட்டரை ஓடவிட்டு ஒரு ரீபேஸ் போட்டேன். கொஞ்ச நேரத்தில் சிக்கியது. என் கிட்டின் வரியில் நேம் கொலிஷன், மேலே இன்னொரு கிட்.எக்ஸ்இ சக்சஸ். புராசஸ் மரத்தில் அதன் தாய் என் எடிட்டர் இல்லை. லேப்டாப்பை எனக்கு முன் வைத்திருந்தவர் போட்டு வைத்த ஒரு கிராஃபிக்கல் கிட் கிளையன்ட். கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஐகானாக ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது, கணினி தொடங்கும்போதே தொடங்கிவிடுகிறது. நான் அதைத் திறந்ததே இல்லை. சில நொடிகளுக்கு ஒருமுறை ஸ்டேட்டஸ் ஓட்டிக்கொண்டே இருக்கிறது. கமாண்ட் லைன் பத்தியையும் பார்த்தேன், நீங்கள் சொன்ன நோ-ஆப்ஷனல்-லாக்ஸ் அதில் இல்லை.

காலையில் வரும் பிழைக்கும் விடை கிடைத்தது. நேற்று கிளம்பும்போது ஷட்-டவுன் கொடுத்த நேரமும் இன்று காலை இருந்த இண்டெக்ஸ்.லாக்கின் நேரமும் ஒன்று. அளவு பூஜ்யம் பைட். ஷட்-டவுனில் அந்த கிளையன்ட்டோடு சேர்த்து கிட்டையும் விண்டோஸ் முடித்துவிட்டிருக்கிறது.

ரெப்போ டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் இருந்தது. அந்த ஃபோல்டர் முழுக்க ஒரு கிளவுட் சேமிப்பில் தானாக ஏறிக்கொண்டிருக்கிறது. பேக் பெயரை ரிசோர்ஸ் மானிட்டரில் தேடியதும் அந்த ஏற்றும் நிரல்தான் வந்தது. அதனால்தான் எந்த ஃபோல்டர் என்று கேட்டீர்களா?

பனைமரம் எழுதியது:

ஆமாம், அதற்காகத்தான் கேட்டேன். கிட் ரெப்போவைத் தானாக ஏறி இறங்கும் ஃபோல்டரில் வைக்கவே கூடாது. பேக் கோப்பைப் பிடித்துக்கொள்வது சின்னப் பிரச்சினை. டாட்-கிட்டுக்குள் நூற்றுக்கணக்கான கோப்புகள் ஒன்றையொன்று நம்பி இருக்கின்றன. இண்டெக்ஸ், எந்தக் கிளை எந்த கமிட்டில் நிற்கிறது என்று குறிக்கும் ரெஃப்கள், பேக் எல்லாம் ஒரே நேரத்து நிலையில் இருக்க வேண்டும். ஏற்றும் நிரலுக்கு அது தெரியாது, ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாக, தனக்குத் தோன்றிய வரிசையில் கொண்டுபோகும். இரண்டு கணினிகளில் அதே ஃபோல்டர் இறங்கினால், ஒரு கணினியின் லாக் கோப்புகூட இன்னொன்றில் வந்து நிற்கும். அங்கே டாஸ்க் மேனேஜரில் எவ்வளவு தேடினாலும் ஆள் அகப்படாது. ரெப்போவை சி டிரைவில் தனி ஃபோல்டருக்கு மாற்றுங்கள். பேக்கப் வேண்டுமென்றால் ரிமோட்டுக்கு, அதாவது சர்வரில் இருக்கும் ரெப்போவுக்கு, புஷ் செய்து ஏற்றுவதுதான் பேக்கப்.

அந்த கிளையன்ட்டைத் தொடக்கப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், வேண்டுமென்றால் கையால் திறந்துகொள்ளலாம். மற்றவர்களின் லேப்டாப்பிலும் இதே தேடலைச் செய்யுங்கள். எல்லாருக்கும் இதே காரணம் என்று நினைத்துவிட வேண்டாம்.

ராத்திரி தானாக பில்டு ஓட்டுகிற ஸ்கிரிப்ட் ஏதாவது இதே ஃபோல்டரில் புல் செய்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதற்கு கிட் வொர்க்ட்ரீ ஆட் கொடுத்துத் தனி இடம் ஒதுக்குங்கள். 2015-இல் வந்த 2.5-இலிருந்து இருக்கிற வசதி. ஒவ்வொரு வொர்க்ட்ரீக்கும் தனி இண்டெக்ஸ், தனி இண்டெக்ஸ்.லாக், ஒன்று மற்றதைத் தடுக்காது.

யாருடைய இண்டெக்ஸாவது ஏற்கெனவே கெட்டிருந்தால் பயப்பட வேண்டாம். முதலில் முழு ஃபோல்டரையும் அப்படியே ஒரு நகல் எடுங்கள். ரீபேஸோ மெர்ஜோ பாதியில் நிற்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு டாட்-கிட்டுக்குள் இருக்கும் இண்டெக்ஸ் கோப்பை மட்டும் அழித்துவிட்டு, வேறு எதுவும் சேர்க்காமல் கிட் ரீசெட் என்று கொடுங்கள். ஹார்டு என்ற சொல்லைத் தவறிக்கூடச் சேர்க்காதீர்கள், அது நீங்கள் திருத்திய கோப்புகளையே பழையபடி ஆக்கிவிடும். வெறும் ரீசெட் கடைசி கமிட்டிலிருந்து இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டும். கோப்புகளில் இருக்கும் திருத்தம் அப்படியே இருக்கும், ஸ்டேஜ் செய்த தேர்வு மட்டும்தான் போகும். ஸ்டேஜ் செய்துவிட்டு அப்புறம் கோப்பில் மாற்றிய பழைய வடிவம் வேண்டுமென்றால், கிட் எஃப்எஸ்சிகே கட்டளையை --லாஸ்ட்-ஃபவுண்ட் சேர்த்து ஓட்டுங்கள். யாரும் சுட்டாத ஆப்ஜெக்ட்களை டாட்-கிட்டுக்குள் லாஸ்ட்-ஃபவுண்ட் ஃபோல்டரில் எடுத்து வைக்கும். பெயர்கள் இருக்காது, ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

நெசவு எழுதியது:

மாற்றிவிட்டேன் அக்கா. மற்ற லேப்டாப்புகளில் இரண்டில் அதே கிளையன்ட் இருந்தது, எடுத்துவிட்டோம். இன்னொன்றில் எடிட்டருக்குச் சேர்த்திருந்த ஒரு எக்ஸ்டென்ஷன்தான் காரணம்.

அதே லேப்டாப்பில் இப்போது வேறு ஒரு பிழை. ரிமோட்டின் மாற்றங்களை இறக்க ஃபெட்ச் செய்தால் ஒரு ரெஃபை லாக் செய்ய முடியவில்லை என்கிறது. ரிமோட்டில் திருத்தம்/ஜிஎஸ்டி என்று ஒரு பிராஞ்ச் (கிளை) இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லி, திருத்தம் ஏற்கெனவே இருக்கிறது, உருவாக்க முடியாது என்கிறது. லாக் கோப்பு எங்கே தேடினாலும் இல்லை.

தாமிரபரணி எழுதியது:

இது வேறு விஷயம், இதற்கு யாரும் லாக் வைத்திருக்கத் தேவையில்லை. கிட்டில் ஒவ்வொரு பிராஞ்ச்சும் வழக்கமாக ரெஃப்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு சின்னக் கோப்பு. பெயரில் சாய்கோடு இருந்தால் அதற்கு முன் இருப்பது ஃபோல்டராகிவிடும். முன்பு ரிமோட்டில் திருத்தம் என்றே ஒரு பிராஞ்ச் இருந்திருக்கும். அது அங்கே நீக்கப்பட்டுவிட்டது, அந்த லேப்டாப்பில் அதன் பழைய தடயம் கோப்பாக நிற்கிறது. இப்போது அதே பெயரில் ஃபோல்டர் வேண்டும், உள்ளே ஜிஎஸ்டி என்று கோப்பு வேண்டும். ஒரே பெயரில் கோப்பும் ஃபோல்டரும் இருக்க முடியாது, அதனால்தான் மறுக்கிறது.

கிட் ரிமோட் ப்ரூன் ஆரிஜின் என்று கொடுங்கள். ரிமோட்டில் இல்லாத பிராஞ்ச்களின் தடயத்தை மட்டும் அது எடுக்கும், உங்கள் சொந்த பிராஞ்ச்களைத் தொடாது. அப்புறம் ஃபெட்ச் செய்தால் போய்விடும். ஃபெட்ச்.ப்ரூன் என்ற கான்ஃபிகரேஷனை ட்ரூ என்று வைத்துவிட்டால் இனிமேல் ஒவ்வொரு ஃபெட்ச்சிலும் தானே நடக்கும்.

ஆங்கிலத்தில் பிராஞ்ச் பெயர் வைப்பவர்கள் பெரிய எழுத்து, சின்ன எழுத்தையும் கவனியுங்கள். லினக்ஸ் சர்வரில் அவை இரண்டு வேறு பிராஞ்ச்கள், விண்டோஸில் இரண்டுக்கும் ஒரே கோப்பு. அப்போது ஒவ்வொரு ஃபெட்ச்சிலும் ஒன்று மற்றதை மிதிக்கும், ப்ரூன் செய்தாலும் தீராது. ரிமோட்டிலேயே ஒன்றின் பெயரை மாற்றினால்தான் போகும்.